ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கூட்டல் தெரியாதா?

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி 0.30000000000000004 என்கிறது. "சின்னக் கணக்கே வராத மொழி இது, பைத்தானுக்கு மாறுங்கள்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. விடை உண்மைதான். பழிதான் தவறான இடத்தில் விழுகிறது.

பைத்தானைத் திறந்து அதையே தட்டிப் பாருங்கள். கடைசி 4 உட்பட அதே எண் வரும். ஜாவா மொழியில் பின்ன எண்களை வைக்கும் டபுள் வகையிலும் அப்படியே. சி மொழியில் விடையை அச்சிடும் பிரின்ட்எஃப் கட்டளை வழக்கமாக 6 தசம இடங்களோடு நிறுத்திக்கொள்வதால் 0.300000 என்று நல்ல பிள்ளையாகத் தெரியும். உள்ளே இருப்பது என்னவோ அதேதான்.

இவை எல்லாம் 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரப்படி, பின்ன எண்களை 64 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் வைக்கும் 64 இடங்களில், இரும எண்ணாக வைக்கின்றன. பத்தில் ஒன்றை இருமத்தில் எழுதப் போனால், மூன்றில் ஒன்று தசமத்தில் 0.333 என நீள்வது போல முடிவில்லாமல் நீளும். 64 பிட்டில் வெட்டியாக வேண்டும். அந்த வெட்டுதான் கடைசியில் 4 ஆக எட்டிப் பார்க்கிறது.

சரி, மொழிகளுக்குள் வேறுபாடே இல்லையா? உண்டு. ராகு (Raku) என்ற நிரல் மொழி 0.1-ஐ 1/10 என்ற பின்னமாகவே வைத்துக்கொள்வதால் சரியாக 0.3 தரும். தசம எண்ணைத் தசமமாகவே வைக்க, சி ஷார்ப் மொழியில் டெசிமல் வகையும், ஜாவாவில் பிக்டெசிமலும், பைத்தானில் டெசிமல் தொகுதியும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படி உள்ளமைந்த தசம வகை இல்லை. 2020-இல் சேர்ந்த பிக்இன்ட் என்ற வகை முழு எண்ணுக்கு மட்டுமே. குறை சொல்வதென்றால் இதைச் சொல்லலாம். பணக்கணக்கு எழுதுபவர்கள் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்துச் சமாளிக்கிறார்கள்.