பந்தல் போடப் படிப்பு எதற்கு என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நடந்த கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் அதன் வீடியோவை மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. படிவம் ஐந்து படிக்கும் பிள்ளை மைக்கைப் பிடித்து, "வெட்டிங் பிளானர் ஆகணும் ஐயா, அதுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டது. மேடையில் இருந்தவர், "பந்தல் போடுறதுக்குப் படிப்பு எதுக்கும்மா?" என்றார். மண்டபமே சிரித்தது. பிள்ளை உட்கார்ந்துவிட்டது. அது கேட்டதற்குக் கடைசி வரை யாரும் பதில் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். படிப்பு இருக்கிறது. படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மூன்று பாடங்களில் கிரெடிட் தேர்ச்சி எடுத்தால் தனியார் கல்லூரிகளில் ஈவென்ட் மேனேஜ்மெண்ட் டிப்ளோமாவுக்கு மனுப் போடலாம். கிரெடிட் வரவில்லை என்றால் சமையல், ஒப்பனை போன்ற வேலைகளில் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்கலாம். படிப்படியாக ஏறி நான்காம் நிலையை முடித்தால் அது திறன் டிப்ளோமா. அங்கீகாரம் உள்ள மையத்தில் சேர்ந்தால் திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க நிதிக் கழகமான பிடிபிகேவிடம் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டிச் சான்றிதழ் வாங்க பிபிடி முறை இருக்கிறது. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சிரித்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

"அந்தக் காலத்துல தோட்டத்துல யாரு பிளானர் வச்சாங்க?" என்று கேட்பீர்கள், தெரியும். அன்றைக்குத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க ஆள் இருந்தது. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாழைமரம் வெட்ட ஒரு கூட்டம், விடிய விடிய காய் நறுக்க ஒரு கூட்டம், பந்தி பரிமாற இளவட்டங்கள். அப்புறம் தோட்டங்களைத் துண்டு போட்டார்கள், விற்றார்கள், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். நம் ஜனம் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கும் ஃபிளாட்டுகளுக்கும் சிதறிப்போனது. பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத இடத்தில் யார் வந்து காய் நறுக்குவார்கள்? அந்த ஆட்கள் இல்லாமல் போனதால்தான் இந்தத் தொழிலே வந்தது.

என் அக்கா கல்யாணம் டேவானில், அதாவது பொது மண்டபத்தில் நடந்தது. "எல்லாம் நாமளே பாத்துக்கலாம்" என்றார் மாமா. தாலி கட்டும் நேரத்தில் எங்கள் அம்மா எங்கே இருந்தார் தெரியுமா? டேவானுக்குப் பின்னால், சாப்பாட்டுக்காரரோடு தட்டுக் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை முந்தானையில் சாம்பார் கறை. கெட்டிமேளம் கேட்டு ஓடி வந்தபோது அட்சதை போட்டு முடிந்துவிட்டது. தாலி கட்டும் படங்கள் எதிலும் அம்மா இல்லை. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு தாய் பார்க்க முடியவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்தக் கல்யாண ஏற்பாட்டு வேலைக்கு நான் வந்ததே அதனால்தான்.

பூ கட்டுவதும் பந்தலும் மட்டுமா வேலை? 1982 மார்ச் 1 முதல் நம் கல்யாணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும். மனுக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரிகிறது? பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டு அப்புறம்தான் பதிவைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆடியும் மார்கழியும் கழித்தால் மிச்ச முகூர்த்த நாள்களுக்கு ஊரே அடித்துக்கொள்கிறது. ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு ஒரே மேளக்காரர் ஒத்துக்கொண்டிருப்பார். மலாய் நண்பர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஹலால் சாப்பாடு தனியாக வேண்டும், சைவப் பந்தி கலக்கக் கூடாது. தாமான் சாலையை மறித்துக் கூடாரம் போடுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை என்றால் அதற்குள் ஒப்பனையும் ஊர்வலமும் சடங்கும் அடங்க வேண்டும், நல்ல நேரம் யாருக்காகவும் நிற்காது. இதெல்லாம் கற்றுக்கொண்டால்தான் வரும்.

"பிளானர்னா காசு புடுங்குவாங்க." புடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு கல்யாணத்தன்று போனை அடைத்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தானே சொல்கிறேன், ஒப்பந்தம் எழுதவும், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்து ஒழுங்காகக் கணக்கு வைக்கவும் தெரிந்த பிள்ளைகள் வரட்டும் என்று!

"டாக்டர், வக்கீல்னு சொல்லாம இதையா சொல்றது?" டாக்டர் ஆகிற பிள்ளை ஆகட்டும், கைதட்டுகிறேன். மற்ற பிள்ளைகள் எங்கே போவது? பள்ளி முடித்ததும் தொழிற்சாலைக்கு அனுப்புவீர்கள், அதை யாரும் மேடையில் கேலி செய்வதில்லை. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் அலங்காரக்காரருக்குக் கேட்ட காசைக் கொடுக்கிற அதே வீட்டில்தான் நம் ஊர்ப் பெண்ணிடம், "தெரிஞ்ச பிள்ளைதானேம்மா, கொறச்சுக்கோ" என்கிறீர்கள். வேலை முடிந்ததும், "பூ கட்டுற பொண்ணு" என்று அறிமுகப்படுத்துகிறீர்கள். என்னை அப்படிச் சொன்னது என் சொந்தச் சித்தப்பா. போகட்டும்.

அந்தப் பிள்ளையின் அம்மா இந்தப் பதிவைப் பார்த்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள் அக்கா. ஆவணியில் கல்யாணங்கள் இருக்கின்றன. எஸ்பிஎம் பாடத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் சனி, ஞாயிறு என்னோடு வரட்டும், சம்பளம் கொடுக்கிறேன். கல்லூரி மனுவையும் உட்கார்ந்து எழுதுவோம். நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அந்த வீடியோவை முதலில் எடுங்கள். பிள்ளையின் முகம் அதில் அப்படியே தெரிகிறது.