நாளைக்கு வகுப்பு உண்டா, இல்லையா?

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, கைத்தொழில் கற்றுத்தரும் அரசாங்கச் சமூகக் கல்லூரி வாசலில் வேனை நிறுத்தினேன். பின்னால் ஏழு பிள்ளைகள். ஒன்று என் மகள், மற்ற ஆறும் எங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்து டிவிஷனிலிருந்தும் வருகிறவர்கள். ராத்திரி முழுக்க மழை. செம்மண் பாதையில் சக்கரம் சறுக்கச் சறுக்க, செம்பனை லாரிக்கு இரண்டு தடவை ஒதுங்கி வழிவிட்டு, இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறேன். காவலாளி பாக் காட் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, ஹாரி இனி கெலாஸ் தக் அடா லா."

இன்றைக்கு வகுப்பு இல்லையாம். ஏன் என்றால், வியாழக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், மண்டபத்தில் ஒத்திகை, விரிவுரையாளர்கள் எல்லாரும் அங்கே. முந்தைய நாள் மாலை நாலு மணிக்கே முடிவான விஷயமாம். பாக் காட்டுக்குத் தெரிந்திருக்கிறது. கேண்டீன் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் அவர் அன்று நாசி லெமாக்கைக் குறைத்துக் கட்டியிருக்கிறார். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து மகளின் போன் 'டிங்' என்றது. கல்லூரியின் டெலிகிராம். சரி, இப்போதாவது சொல்கிறார்களே என்று எட்டிப் பார்த்தால், பதினான்கு படங்கள். முந்தைய நாள் லாபியில் புது டிஜிட்டல் திரையைப் பெங்காரா, அதாவது கல்லூரி இயக்குநர், திறந்துவைத்த படங்கள். பெங்காரா திரையைப் பார்க்கிறார். பெங்காராவும் துணைப் பெங்காராவும் சேர்ந்து திரையைப் பார்க்கிறார்கள். அப்புறம் பத்துப் பதினைந்து பேர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கி நிற்கிறார்கள். கீழே நாலு பத்திக்குச் செய்தி. வகுப்பு ரத்து என்ற அறிவிப்பு வந்தது 9.12-க்கு. அதற்குள் நான் எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டு, வேனைக் கழுவி, தே ஓ போட்டுக் குடித்தே முடித்துவிட்டேன்.

மலேசியாவில் அரசாங்கக் கடிதம் வாங்கிய எவருக்கும் "சுக்காசித்தா டிமக்லும்கான்" என்ற வரி பழக்கம். மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். ரத்து அறிவிப்பும் அந்த வரியோடுதான் ஆரம்பித்தது. வகுப்பு இல்லை என்பதை, ஒன்றரை மணி நேரம் கழித்து, மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டார்கள்!

ஆத்திரத்தில் அன்று மதியம் மகளின் போனை வாங்கி ஒரு மாதத்துச் செய்திகளை உட்கார்ந்து எண்ணினேன். வேலை வெட்டி இல்லையா என்று மனைவி கேட்டாள். இல்லைதான், அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மொத்தம் நாற்பத்தொன்று. பெங்காராவின் வாராந்தரச் செய்தி நான்கு, ஒவ்வொன்றும் அவருடைய படத்தோடு. மரம் நட்டது, கோத்தோங் ரோயோங் என்று கூட்டாகத் துப்புரவு செய்தது, பூப்பந்துப் போட்டிக்குப் பரிசு கொடுத்தது, வேறு கல்லூரிக்காரர்கள் லாவத்தான் என்று பார்வையிட வந்தது, இவர்கள் அங்கே லாவத்தான் போனது, யாரோ மாற்றலாகிப் போனதற்கு விருந்து. பிள்ளைகளின் நடமாட்டத்தைப் பாதிக்கும் செய்தி எத்தனை தெரியுமா? மூன்று. ஒரு வகுப்பு ரத்து, ஒரு தேர்வு நேர மாற்றம், ஒரு நாள் தண்ணீர்த் தடை. மூன்றும் சம்பவம் நடந்தபிறகு வந்தவை. தண்ணீர்த் தடைச் செய்தி வந்தபோது தண்ணீரே திரும்ப வந்துவிட்டிருந்தது.

நிகழ்ச்சி நடத்தக்கூடாது என்று யார் சொன்னது? பூப்பந்தில் என் வேனில் வரும் பையன் ஒருவன் இரண்டாவதாக வந்தான், அவன் படத்தையும் போட்டார்கள், அவன் அம்மா அதை எல்லாருக்கும் காட்டினார், எனக்கும் சந்தோஷம்தான். என் கேள்வி அற்பமான கேள்வி. நாளைக்குக் கிளம்ப வேண்டுமா, வேண்டாமா?

தொழில்நுட்ப முன்னேற்றம் என்று இந்த வருஷம் கொண்டுவந்ததைக் கேளுங்கள். முதலில் ஒரு செயலி. வருகைப் பதிவு, கால அட்டவணை, மதிப்பெண் எல்லாம் இனிமேல் அதில்தான் என்றார்கள். என் மகளின் போன் பழையது. செயலியை இறக்கவே வீட்டுப் படங்களைப் பாதி அழிக்க வேண்டியிருந்தது. பாட்டியின் கடைசித் தீபாவளிப் படங்களை மட்டும் என் போனுக்கு மாற்றிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து 'புதுப்பிக்கவும்' என்றது. புதுப்பித்தால் கடவுச்சொல்லை மறந்துவிட்டது. கால அட்டவணையைத் தொட்டால் போன செமஸ்டர் அட்டவணை வருகிறது. அப்புறம் வாசலில் கியூஆர். அதை ஸ்கேன் செய்ய இணையம் வேண்டும், வாசலில் வைஃபை எட்டாது. பிள்ளைகள் காலையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் சாமியாடுகிறவர்கள் மாதிரி நடக்கிறார்கள். கடைசியில் விரிவுரையாளர் தாளில் பெயர் எழுதிக்கொள்கிறார். பாவம், அதைப் பிறகு அவரே செயலியிலும் ஏற்றுகிறார். மூன்றாவதுதான் நான் சொன்ன அந்த லாபித் திரை. அதில் என்ன ஓடுகிறது என்று மகளிடம் கேட்டேன்.

"பெங்காரா திரையைத் திறந்துவைத்த வீடியோ பா" என்றாள்.

என் மகள் படிப்பது ஏர்கோன். குளிர்சாதனமும் குளிர்பதனமும். பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்ட சொந்தக்காரர்களை எல்லாம் சமாளித்து அனுப்பியிருக்கிறேன். அவள் சொல்வது இது. இப்போது கடையில் விற்கிற வீட்டு ஏர்கோன்களில் குளிரூட்டுவது பெரும்பாலும் ஆர்-32 வாயு. கல்லூரிப் பட்டறையில் இருக்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் பழைய ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி உலகமே படிப்படியாகக் கைவிட்டு வரும் வாயு அது. ஆர்-32 அதைவிட அதிக அழுத்தத்தில் ஓடும், லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் பழைய கைப்பழக்கத்தோடு அதைத் தொடக்கூடாது. வெளியே வேலைக்குப் போனால் முதல் நாளே கையில் கிடைப்பது அதுதான். குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றும் வேக்குவம் பம்பு ஒன்று பழுது, இன்னொன்றுக்கு இருபது பிள்ளைகள் வரிசை. தொழில்நுட்ப முன்னேற்றம் என்றால் நான் அந்தப் பம்பைத்தான் நினைப்பேன். பம்பு வாங்கினால் ரிப்பன் வெட்ட முடியாது போலிருக்கிறது.

தோட்டத்துப் பக்கம் லைன் எப்படி என்று கேட்காதீர்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க 3ஜியை மூடி 4ஜிக்குப் போனார்கள். பட்டணத்தில் 5ஜி விளம்பரப் பலகை நிற்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் பழைய தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் இரண்டு கோடு, மழைக்காலத்தில் ஒன்று. 2020-இல் ஊரடங்கு சமயத்தில் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சுற்றிலும் செம்பனை, மட்டை முழுக்க முள். ஆக, பதினான்கு படங்கள் இறங்கி முடிக்கும்வரை பின்னால் வரும் ஒரு வரி அறிவிப்பு அப்படியே சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் பழைய பட்டன் போனிலும் வந்து விழுந்திருக்கும்.

இதைக் கேட்கத்தான் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் பெண் நல்ல மாதிரி, உட்காரச் சொல்லி விளக்கினார். முன்பெல்லாம் விரிவுரையாளர்களே வாட்சாப்பில் நேராகச் சொல்லிவிடுவார்களாம். "நாளை கெலாஸ் பத்தால்." நாளை வகுப்பு ரத்து, அவ்வளவுதான். இரண்டு நொடி வேலை. அது முறைப்படி இல்லை, கல்லூரியின் பெயருக்கு ஒரே குரல் வேண்டும் என்று இப்போது எல்லா அறிவிப்பும் தகவல் பிரிவு வழியாகத்தான் போக வேண்டுமாம். விரிவுரையாளர் எழுதி, துறைத் தலைவர் பார்த்து, தகவல் பிரிவு மொழி திருத்தி, சின்னத்தோடு போஸ்டர் செய்து, மேலே ஒப்புதல் வாங்கி, அப்புறம்தான் சேனலில் ஏறும். மேலே இருப்பவர் மாலை நாலரைக்குக் கிளம்பிவிட்டால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் கையெழுத்து. ஆஹா, 9.12-இன் ரகசியம் அதுதான்! நிகழ்ச்சிப் படங்களுக்கு மட்டும் எப்படி இத்தனை வேகம் என்று கேட்டேன். படம் எடுப்பதே தகவல் பிரிவுதான், பெங்காராவும் அங்கேயே நிற்கிறார், ஒப்புதல் உடனே கிடைத்துவிடுகிறது என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன்) ஒரே நாளில் 3.35-க்கு ஏறியது. அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் ஆடுகிறது. மாதம் 200 வெள்ளி உதவிக்கு விண்ணப்பித்தேன், வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போக வர நாற்பத்திநாலு கிலோமீட்டரைச் சும்மா ஓட்டினால் அது யார் கணக்கு? பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்க முடியுமா? அதில் ஒரு அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்து மகனை வேனில் ஏற்றிவிட்டுத்தான் தூங்கவே போகிறார். அவரிடம் போய் இன்றைக்கு வகுப்பு இல்லையாம், டீசல் காசு மட்டும் கொடுங்கள் என்பதா?

இந்தச் சமூகக் கல்லூரிகள் எதற்காக வந்தன என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது. 2000-இல் அமைச்சரவை முடிவெடுத்து, 2001-இல் முதல் கல்லூரிகள் தொடங்கின. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஒன்றாவது வேண்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போக முடியாத பிள்ளை, வேலையிலிருந்து நின்ற பெரியவர், குறுகிய காலப் பயிற்சிக்கு வரும் இல்லத்தரசி, இவர்களுக்குக் கிட்டத்திலேயே ஒரு கைத்தொழில். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்களைப் போன்றவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு திட்டம். இப்போது அதில் பித்தான் மட்டும் இல்லை, கேட்டால் சட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

என் அப்பா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போவார், சின்ன வயதில் நானும் சில நாள் கூடவே போய் இருட்டில் நின்றிருக்கிறேன். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பால் கோட்டில் நிற்காமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகிவிடும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து டார்ச் லைட்டை அடித்து மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். "இன்னிக்கு வெட்டு இல்ல, புல்லு வெட்டப் போறவங்க இந்தப் பக்கம், மத்தவங்க வீட்டுக்கு." அவ்வளவுதான். ஒரு நிமிஷம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தண்டல் ஒன்றும் தங்கமான மனிதர் இல்லை, வாயைத் திறந்தால் வசவுதான். ஆனாலும் வேலை உண்டா இல்லையா என்பதை வேலை நேரத்துக்கு முன்னால் சொன்னார்.

போன வாரம் பெற்றோர் சந்திப்பு வைத்தார்கள். பெங்காரா முக்கால் மணி நேரம் பேசினார், வண்ண வண்ணமாக ஸ்லைடு. ஸ்மார்ட் வளாகம், செயற்கை நுண்ணறிவு, அடுத்த வருஷம் முகத்தைப் பார்த்தே வருகைப் பதிவு. கேள்வி இருக்கிறதா என்றதும் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த மலாயில் மரியாதையாகவே கேட்டேன். துவான், வகுப்பு இல்லாவிட்டால் முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் ஒரு வரி சொல்ல ஏற்பாடு செய்ய முடியுமா? பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர் புன்னகையோடு தலையாட்டி, நல்ல ஆலோசனை, குறித்துக்கொள்கிறோம் என்றார். குறித்துக்கொண்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் காலை சேனலில் என் படம் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. கீழே "சுக்காசித்தா டிமக்லும்கான்", பெற்றோருடன் பயனுள்ள கலந்துரையாடல் இனிதே நடந்தேறியதாம். நான் கேட்ட கேள்வி அதில் இல்லை.

இப்போது பாக் காட்டின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு மேட்டில் ஏறி நின்று அவரைக் கூப்பிடுவேன். தூக்கக் கலக்கத்தில் ஒரே வார்த்தைதான் சொல்வார். இன்றைக்கு "அடா" என்றார், உண்டாம். இறங்கி வந்து வேனைக் கிளப்பினேன்.