தோள் வலிக்கு வயித்துல ஸ்கேன்

எங்க மாமா முப்பது வருசமா பரோட்டா மாஸ்டர். மாவு வீசுற வலது கைப் பக்கம் தோள்பட்டை வலிச்சதும் வீட்ல யாரும் யோசிக்கவே இல்ல, வீச்சுல பிசகிருச்சுன்னு முடிவு பண்ணி, சிலைமான் பக்கம் சுளுக்கு எடுக்கிற பெரியவர்ட்ட கூட்டிட்டுப் போனோம்.

அவர் பெருவிரலை நல்லெண்ணெயில தொட்டு, கழுத்துல இருந்து தோள்பட்டை எலும்பு வரைக்கும் மெதுவா ஓட்டிப் பாத்தார். கையைத் தூக்கச் சொன்னார், பின்னால மடக்கச் சொன்னார். எல்லாம் சுளுவா வந்துச்சு.

"கை தூக்குறப்ப வலிக்கல. அப்ப எப்பத்தான் வலிக்குது?"

"ராத்திரி கறிச்சோறு தின்னுட்டுப் படுத்தாண்ணே."

துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டார். "இது என் கைக்கு அடங்குனது இல்லப்பா. வயித்தைப் பாருங்க." காசு வாங்கல.

ஸ்கேன்ல பித்தப்பையில கல்லு.

வயித்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? பித்தப்பை வீங்கினா மேல இருக்கிற உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசைத் தடுப்பை, உரசும். அதோட நரம்பு கழுத்துல 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகள்ல இருந்து கிளம்பி வருது. தோள்பட்டைத் தோலுக்கும் அதே இடத்துல இருந்துதான் நரம்பு. மூளைக்கு எந்த வீட்டுத் தந்தின்னு புரியாம, தோள்தான் வலிக்குதுன்னு எடுத்துக்கும். பிரிட்டன் டாக்டர் ஹென்றி ஹெட், எந்த உறுப்பு கெட்டா தோல்ல எங்க வலி தெரியும்னு 1893-லயே எழுதத் தொடங்கிட்டார்.

ஆஸ்டியோபதிக்காரங்களுக்கு இது பாலபாடம். எலும்பையும் சதையையும் கையால தடவிப் பாத்து வைத்தியம் பண்ற முறை அது, 1874-ல அமெரிக்காவுல ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கினது. இதயம்னா மேல்முதுகு, இரைப்பை, ஈரல், பித்தப்பைன்னா நடுமுதுகு. அங்க தண்டுவடத்தை ஒட்டின சதை இறுகியிருக்கா, தோல் சூடா, ஈரமா இருக்கான்னு விரலால தேடுவாங்க.

இங்கதான் எனக்கு ஒரு சண்டை. ஒரே முதுகை ரெண்டு பேர் தடவினா ரெண்டு பேரும் ஒண்ணே சொல்றதில்ல. சதை இறுகுறதுக்கு, உட்கார்ந்து தைக்கிற வேலையும் போதும், பழைய மெத்தையும் போதும். அதனால விரல் சொல்றது ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அமெரிக்காவுல ஆஸ்டியோபதி டாக்டர்கள் மருந்து எழுதலாம், ஆபரேசனும் பண்ணலாம். சந்தேகம் வந்தா டெஸ்டுக்கு அனுப்பிடுவாங்க. நம்ம ஊர்ல "முதுகுல நாலு அமுக்கு, ஈரல் சரியாயிரும்"னு போர்டு வச்சிருக்கிறவர்ட்ட அந்தப் பேச்சே கிடையாது.

இடது கை, தாடை, நடு மார்புன்னு வலி வந்து, வேர்த்தும் கொட்டுச்சுன்னா தயவுசெஞ்சு வாயுப் பிடிப்புன்னு பூண்டு தட்டிப் போட்டுக்கிட்டு உக்காராதீங்க. அது மாரடைப்பா இருக்கலாம், 108-க்கு அடிங்க.

மாமாவுக்குப் பித்தப்பையை எடுத்தாச்சு, தோள் வலியும் போச்சு. அத்தை மட்டும் இன்னமும், "மூணு வாரம் வீசாம இருந்தாருல்ல, அதான் சரியாச்சு"ங்குறாங்க.