பெயிண்ட் மேல் எர்த், டிக்கியில் ஃபியூஸ், இதற்கு வயரிங் சார்ஜ் வேறு

காரில் ஆம்ப் (பாட்டின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) மாட்டிக் கொடுக்கிற கடைகளில் மல்டிமீட்டர் வைத்திருக்கிற கடை எத்தனை? நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு கட்டிங் பிளையர், ஒரு இன்சுலேஷன் டேப், அவ்வளவுதான். இந்த மூன்றை வைத்துக்கொண்டு, கடன் வாங்கி இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிற வண்டியின் வயரிங்கில் கூசாமல் கை வைக்கிறார்கள்.

நான் போட்டது சாதாரண செட்டப். ஒரு நாலு சேனல் ஆம்ப், முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு இரண்டு சேனல், மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, டிக்கியில் பேஸுக்கு ஒரு சப்ஊஃபர். மாட்டிக் கொடுத்த அன்றிலிருந்தே, வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு விசில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க விசிலும் ஏறும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. இன்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம் ஆடியோவுக்குள் நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

கடையில் போய்ச் சொன்னேன். முதலில் "ஸ்டீரியோ சரியில்ல சார், மாத்திடுங்க" என்றார்கள். மாற்ற மாட்டேன் என்றதும் "அப்ப நாய்ஸ் ஃபில்டர் போட்டுடலாம்" என்று, ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற ஆர்சிஏ வயருக்கு நடுவில் ஒரு சின்ன டப்பாவைச் செருகி, அதற்கும் காசு வாங்கினார்கள். விசில் கொஞ்சம் குறைந்தது. கூடவே பேஸும் செத்துப்போனது, ஏனென்றால் மலிவான ஃபில்டருக்குள் இருக்கிற குட்டி டிரான்ஸ்ஃபார்மரால் அடித்தொனியை முழுதாகக் கடத்த முடியாது. அதைக் கேட்டால் "ஊஃபர் சின்னது சார், பெருசு போடுங்க" என்று பதில் வருகிறது. ஒருவர்கூடக் குனிந்து எர்த், அதாவது ஆம்பின் மைனஸை வண்டியின் பாடியோடு சேர்க்கிற வயர், எங்கே அடித்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

சரி என்று நானே உட்கார்ந்தேன். மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலில் வைத்து, இன்னொரு முனையை ஒரு நீள வயரால் பேட்டரி மைனஸ் வரை கொண்டுபோய், பாட்டைச் சத்தமாக வைத்தேன். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது, ஒரு வோல்ட்டைத் தாண்டி ஆடியது. டிக்கி கார்பெட்டைத் தூக்கினேன். ஒரே ஒரு ஸ்க்ரூ. வயரின் இழைகளை அதன் கழுத்தில் சுற்றி, மேலே டேப். வயர் நுனியில் மாட்டுகிற வளையமான ரிங் லக் கிடையாது. அடியில் கம்பெனி பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருக்கிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூவின் மரை தகரத்தைத் தொடுகிற அந்த நூலளவு இடத்தில்தான் மொத்த கரண்டும் போயாக வேண்டும். எமரி தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக் க்ரிம்ப் செய்து, போல்ட் போட்டு இறுக்கி, துரு பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினேன். விசில் போயே போய்விட்டது. ஃபில்டரைக் கழற்றினேன், பேஸும் திரும்பி வந்தது. இவர்கள் கையில் ஒரு துண்டு எமரி தாள் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

விசிலோடு போயிருந்தால்கூட விட்டிருப்பேன். பவர் வயரைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டிக்கி வரை வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிற வயர் அது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆம்புக்குள் அதற்கென்று தனி ஃபியூஸ் இருக்கிறது; வழியில் போடுகிற ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற. இவர்கள் அதை டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் புஷ்கூட இல்லை, தகர விளிம்பு வயரின் தோலை அறுத்துக்கொண்டிருந்தது. தோல் கிழிந்து செம்பு பாடியில் தொட்டிருந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் அதில் கொட்டும். இடையில் அறுந்து காப்பாற்ற ஒரு ஃபியூஸ் கிடையாது. வயர் பழுத்து, கார்பெட் பற்றி எரியும். பின் சீட்டில் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள். இதைக் கேட்டதற்கு வந்த பதில்: "ஃபியூஸ் எங்க இருந்தா என்ன சார், போட்டாச்சுல்ல?"

செம்பு என்று சொன்னேன், அதுவும் செம்பு இல்லை. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். அதே தடிமன் செம்பு வயர் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். வயர் கிட் அட்டையில் "4 கேஜ் காப்பர்" (கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு) என்று பெரிய எழுத்து.

அட்டையில் எழுதுவது என்றால் வாட்ஸ் கணக்கை விடவே முடியாது. ஆம்ப் பெட்டியில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஆம்பில் இருப்பதோ ஒற்றை 30 ஆம்பியர் ஃபியூஸ். 14.4 வோல்ட்டை 30ஆல் பெருக்குங்கள்: 432. உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் ஏபி என்கிற சூடாகும் வகை ஆம்ப் என்பதால் அதில் கணிசமான பங்கு சூடாகப் போக, 260 வாட்ஸ் வெளியே வந்தால் அதிகம். சிஇஏ-2006 என்று ஓர் அளவீட்டு முறை இருக்கிறது, 14.4 வோல்ட், 4 ஓம், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் என்று வைத்து ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், சொல்ல வேண்டும். அது கட்டாயம் இல்லை என்பதால் ஆளாளுக்கு வாய்க்கு வந்த எண்ணை அச்சடிக்கிறார்கள்.

கெயினையும் முழுதாகத் திருகி வைத்திருந்தார்கள், கடையில் கேட்கும்போது "எப்படி சார் அதிருது!" என்று காட்டுவதற்காக. கெயின் என்பது ஸ்டீரியோவின் அவுட்புட் வோல்ட்டேஜுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு. முழுதாக ஏற்றினால் சிக்னல் கிளிப் ஆகி, அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ஊஃபர் காயில் கருகும். அப்புறம் புது ஊஃபரும் அவர்களிடமே வாங்க வேண்டும்.

ஃபில்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." வயரிங் சார்ஜையாவது கொடுங்கள் என்றால் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேலை பார்க்கிற பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை, யாரும் சொல்லித் தராத வேலையைச் செய்கிறார்கள். அந்த நேரத்தில் வெளியே ஒரு புது வண்டியின் டிக்கியில் பெயிண்ட் மேலேயே ஸ்க்ரூ இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரரை அழைத்து, "ஃபியூஸை பேட்டரி பக்கத்துல போடச் சொல்லுங்க, எர்த் அடிக்கிற இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டச் சொல்லுங்க, செய்யலைன்னா காசு கொடுக்காதீங்க" என்று முதலாளி காதுபடவே சொல்லிவிட்டு வந்தேன்.