ஊமத்தையும் மெஸ்கலினும் ஒன்றல்ல

அண்ணாச்சி, ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி சாப்பிட்டதும் மருந்துவாழ்மலை அடிவாரத்து ஊமத்தையும் ஒரே சரக்குதான், ஞானம் வர நாலு விதை போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது நம்பி வாயில் போட்டுவிடுவார்கள், முதலில் அதை அழியுங்கள்.

1953 மே மாதம் ஹக்ஸ்லி குடித்தது மெஸ்கலின். பெயோட்டி என்ற கள்ளியில் உள்ள பொருள். 0.4 கிராம், அரை கிளாஸ் தண்ணீரில், மனநல மருத்துவர் ஆஸ்மண்ட் கூடவே இருக்க. நினைவு தப்பாததால்தான் அந்த அனுபவத்தைச் சொல்லும் 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' புத்தகம் மறு வருஷம் வந்தது.

ஊமத்தையில் இருப்பது அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுகள். நரம்புகள் செய்தி கடத்த உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையை மறித்துவிடும். நாக்கு வறண்டு ஒட்டும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், மூத்திரம் அடைக்கும். இல்லாத ஆளோடு உட்கார்ந்து பேசுவார்கள், அது மாயை என்றே தெரியாது. தெளிந்தபின் பெரும்பாலும் எதுவும் ஞாபகம் இருக்காது. இதில் எங்கே ஞானம்? அளவு பார்த்துத் தின்னலாம் என்பதும் நடக்காது, செடிக்குச் செடி, காய்க்குக் காய் வீரியம் மாறும்.

குழப்பம், மெக்சிகோ மந்திரவாதி ஒருவரிடம் பாடம் கேட்டதாக எழுதிய கார்லோஸ் காஸ்டனேடாவால் வந்திருக்கும். அவருடைய 1968 புத்தகமான 'தி டீச்சிங்ஸ் ஆஃப் டான் ஹுவான்'இல் பெயோட்டி, ஊமத்தை இனம், காளான் மூன்றும் உண்டு, ஆனால் தனித்தனியாக. அது கள ஆய்வா கற்பனையா என்ற சண்டை தனி. நாவலாகப் படித்தால் சுகம்.

ஆன்மிகம்தான் தேவை என்றால் ஹக்ஸ்லியின் 'தி பெரன்னியல் ஃபிலாசஃபி' போதும். 1945இல் வந்தது, மெஸ்கலினுக்கு எட்டு வருஷம் முந்தி.

யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால் மோர், எலுமிச்சை என்று நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டாக்டரிடம் காட்ட மிச்சக் காயும் கையில் இருக்கட்டும்.