அம்மாயி 'இல்லத்தரசி' மட்டும் இல்லை

அம்மாவைப் பெற்ற அம்மாயி போய் இன்றோடு பன்னிரண்டு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்க வேண்டிய நோட்டீஸை மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெயருக்குக் கீழே 'அன்பான இல்லத்தரசி' என்று போட்டிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டியவர் அவர். தாத்தா இறந்தபோது அச்சடித்த நோட்டீஸில் 'முன்னாள் தோட்டத் தொழிலாளி' என்றுதான் இருந்தது. பக்கத்து மர வரிசையில் அதே உளி பிடித்த பொம்பளை மட்டும் எப்படி இல்லத்தரசி ஆனார்?

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, தூங்கும் பிள்ளைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு இருட்டாக, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் இறங்க வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். "மரத்துக்கு வலிக்கவும் கூடாது, பாலும் வரணும்" என்பார். பால் வடியும் மங்கைத் துடைப்பது, அதில் உறைந்துபோன கட்டிப்பால் எடுப்பது, வாளி சுமந்து ஸ்டோரில் நிறுத்துப் போடுவது எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த 'இல்லத்தரசி' வேலை ஆரம்பிக்கும். மழை பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போச்சு.

பதினாலு வயதில் தன் அம்மாவோடு காட்டுக்குப் போகத் தொடங்கியவர். அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப்பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகு வந்த கெடுபிடி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகவே விடமாட்டார்களாம். பசியோடு மரம் வெட்டியதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

நேற்று அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று எங்கள் ஊர்க்காரரான, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம். தீபாவளிக்குப் புடவை எடுக்காமல் அந்தக் காசைப் பங்குக்குக் கட்டியதாக அம்மாயி பல தடவை சொல்லியிருக்கிறார். பத்திரத்தில் தாத்தா பெயர் இல்லை. அம்மாயி பெயர்தான் இருக்கிறது.

அதைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார். "தோட்டத் தொழிலாளின்னு போடவா?"

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா அழுதுகொண்டே குரல் கொடுத்தார்: "பால்மரம் வெட்டுனவங்கன்னே போடுண்ணே. அம்மா அப்படித்தான் சொல்லிக்கும்."