பெயர் வைப்பதென்றால் ஐராவதம் மகாதேவன் பெயர்

அரசு ஆய்வு நிலையங்களுக்கு நல்ல அதிகாரிகளின் பெயரைச் சூட்டலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரியான யோசனை. சென்னையில் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஐராவதம் மகாதேவன்தான். ஐ.ஏ.எஸ். வேலைக்கு நடுவே குகை குகையாக ஏறி இறங்கித் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் உள்ள கல்வெட்டுகளைப் படித்தவர். கரூர் பக்கம் புகளூர் மலைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். துறவிகள் படுத்த கல் படுக்கை, பக்கத்துப் பாறையில் 'பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ' என்ற எழுத்து. சங்க நூலான பதிற்றுப்பத்து பாடும் சேரர்கள் அங்கே கல்லிலேயே இருக்கிறார்கள் என்று காட்டியவர் அவர். 1977-இல் சிந்து சமவெளி எழுத்துகளின் தொகுப்பும் கொடுத்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் உட்காரும் கூடத்துக்கு அவர் பெயரை வையுங்கள். அப்புறம், வாசல் பலகையில் அந்தப் புகளூர் வரியையும் பிராமி எழுத்திலேயே பொறியுங்கள்.